படியா, தேவையா? ஊட்டச்சத்துப் பரிந்துரை அளவுகளும் திருவனந்தபுரத்து உணவும்

கோயில்களில் அன்றாட நைவேத்தியத்துக்கும் பணியாளர்களுக்கும் களஞ்சியத்திலிருந்து அளந்து கொடுக்க வேண்டிய அரிசி, பருப்பு, நெய் முதலியவற்றுக்கு நிர்ணயித்த அளவைப் படித்தரம் என்பது பழைய வழக்கு. திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை வாசலுக்கு உள்ளே பத்மநாபசுவாமி கோயில். வெளியே புத்தரிக்கண்டம், இன்று மைதானம், பெயர் சொல்வதுபோல் ஒரு காலத்தில் புத்தரிசி விளைந்த வயல். சற்றுத் தள்ளி, திவான் ராஜா கேசவதாஸ் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் நிறுவிய சாலைக் கடைத்தெரு. வயலும் களஞ்சியமும் கடையும் கூப்பிடு தூரத்தில் அமைந்த இந்த இடத்தில் 'படி' என்ற சொல்லின் பொருள் நன்றாக விளங்கும். படி என்பது எவருடைய பசியின் அளவும் அன்று. பெறுபவர் ஒருவருக்கும் குறைந்துவிடாதபடி, கொடுப்பவர் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளும் அளவு அது. பஞ்சப்படி, பயணப்படி என்று சொல்லும்போதும் இதே பொருள்தான்.

வைட்டமின்கள், தாது உப்புகள், புரதம் ஆகியவற்றுக்கு அறிவியல் குழுக்கள் வெளியிடும் பரிந்துரை அளவும் இத்தகைய ஒரு படியே. ஆனால் தமிழில் அதைத் 'தினசரித் தேவை' என்றே எழுதிப் பழகிவிட்டோம். இந்தச் சொல் மாற்றத்தைச் சிறு பிழையாக என்னால் கருத முடியவில்லை. தனிமனிதர் தம் உணவை மதிப்பிடும்போதும், அரசு மக்களின் குறைபாட்டை எண்ணும்போதும், அது பிழையான முடிவுக்கே கொண்டுபோய் விடுகிறது.

அமெரிக்காவில் 1941இல், போர்க்காலத் தேவையை முன்னிட்டு, இத்தகைய முதல் பட்டியலை வகுத்த குழுவினர் 'தரநிலை' என்ற பெயரை வேண்டுமென்றே தவிர்த்தார்கள். இதுவே இறுதி அளவு என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது என்பதற்காக, படி என்று பொருள்தரும் ஆங்கிலச் சொல்லைத் தேர்ந்தார்கள். இந்தியாவில் 1944இல் இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கத்தின் ஊட்டச்சத்து ஆலோசனைக் குழு முதல் பட்டியலைத் தந்தது. அதன் பின் பலமுறை திருத்தங்கள் வந்தன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட திருத்தத்தின் சிறப்பு, முந்தைய பட்டியல்களில் இல்லாத தெளிவோடு மூன்று எண்களைப் பிரித்து வைத்ததுதான். முதலாவது சராசரித் தேவை: நலமுள்ளவர்களில் பாதிப் பேருக்குப் போதுமான அளவு. இரண்டாவது, அதன்மேல் இரண்டு திட்ட விலக்கங்களைக் கூட்டிப் பெறும் பரிந்துரை அளவு: நூற்றுக்கு 97, 98 பேருக்குப் போதுமானது. மூன்றாவது, தீங்கு நேராத உச்ச வரம்பு.

புரதத்தை எடுத்துக்கொள்வோம். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.66 கிராம் சராசரித் தேவை, 0.83 கிராம் பரிந்துரை அளவு. 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு இவை முறையே 43 கிராமும் 54 கிராமும் ஆகின்றன. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 36 கிராமும் 46 கிராமும். கிழக்கேகோட்டைப் பேருந்து நிலையத்தில் இறங்கும், அந்த எடையுள்ள நூறு ஆண்கள் ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு 50 கிராம் புரதம் உண்பதாக வைத்துக்கொள்வோம். 'தேவை 54' என்று படிப்பவர் நூறு பேரையும் குறைபாடுடையவர் பட்டியலில் எழுதிவிடுவார். ஆனால் தேவை ஆளுக்கு ஆள் மாறும் விதத்தைக் கொண்டு கணக்கிட்டால், அவர்களில் ஏறத்தாழத் தொண்ணூறு பேருக்கு அந்த 50 கிராமே போதும். மீதிப் பத்துப் பேர் யார் என்பதைப் பட்டியல் சொல்லாது. அதைச் சொல்வதற்காக அது எழுதப்படவும் இல்லை.

இந்த அளவுகள் தரமான புரதத்தைக் கருதி வகுத்தவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தானியத்தையே பெரிதும் நம்பியிருப்பவர்களுக்குக் கிலோவுக்கு ஒரு கிராம் வேண்டும் என்று அதே நிறுவனம் கூறுகிறது. திருவனந்தபுரத்து வீட்டுச் சாப்பாட்டை வைத்துப் பார்க்கலாம். 300 கிராம் புழுங்கலரிசியில் சுமார் 24 கிராம் புரதம், 100 கிராம் சாளை மீனில் சுமார் 18, 50 கிராம் சிறுபயறில் சுமார் 12. மூன்றும் சேர்ந்தாலே 54. தேங்காயும் மோரும் இந்தக் கணக்கில் வரவில்லை. இப்படிச் சாப்பிடும் ஒருவரிடம் புரத மாவு டப்பாவை விற்பதற்கு 'தேவை' என்ற சொல் உதவுகிறது. ஊட்டச்சத்து அறிவியல் உதவவில்லை.

பரிந்துரை அளவு ஒரு முடிவு என்பதற்கு 2010, 2020 பட்டியல்களை அருகருகே வைத்துப் பார்ப்பதைவிட வேறு சான்று வேண்டாம். வயதுவந்தோருக்கான கால்சியம் 600 மில்லிகிராமிலிருந்து 1000 ஆயிற்று. பெண்களுக்கான இரும்பு 21 மில்லிகிராமிலிருந்து 29 ஆயிற்று. வைட்டமின் பி12 ஒரு மைக்ரோகிராமிலிருந்து 2.2 ஆயிற்று. 60 கிலோ ஆணுக்கு 60 கிராமாக இருந்த புரதமோ, ஆணின் அளவுகோல் எடை 65 கிலோவாக உயர்ந்தபோதும் 54 கிராமாகக் குறைந்தது. பத்தாண்டில் எவருடைய எலும்பும் குருதியும் மாறிவிடவில்லை. சான்றுகளை எடைபோடும் முறை மாறியது. அது அறிவியலின் நேர்மை. ஆனால் 'தேவை' என்று படித்தவர்கள், 2019இல் போதிய கால்சியம் பெற்றுவந்த மக்கள் மறு ஆண்டே பற்றாக்குறையில் விழுந்துவிட்டதாக எண்ண நேர்கிறது.

இரும்பில்தான் இந்தக் குழப்பம் மிகுந்த விளைவைத் தருகிறது. பெண்களுக்கான சராசரித் தேவை 15 மில்லிகிராம், பரிந்துரை அளவு 29. பரிந்துரை அளவு சராசரித் தேவையைப்போல் ஏறத்தாழ இரு மடங்காக இருப்பதற்குக் காரணம், மாதவிடாய்க் குருதியிழப்பு பெண்ணுக்குப் பெண் பெரிதும் வேறுபடுவது. ஒரு சமூகத்தில் எத்தனை பேருக்குக் குறைவு என்று எண்ணுவதற்கு 15ஐயே அளவுகோலாகக் கொள்ள வேண்டும். 29ஐக் கொண்டு எண்ணினால் அநேகமாக எல்லாப் பெண்களும் குறைபாட்டில் சிக்குவார்கள். அரசின் தீர்வும் அதற்கேற்பப் பெருத்துவிடும். இரும்பு முதலியவற்றால் செறிவூட்டிய அரிசி நியாயவிலைக் கடைகள் வரை வந்தது. அதற்கான தரவிதி ஒரு கிலோவில் 28 முதல் 42.5 மில்லிகிராம் வரை இரும்பு இருக்க வேண்டும் என்கிறது. நாளொன்றுக்கு 300 கிராம் உண்பவருக்கு இதிலிருந்து மட்டும் 8 முதல் 13 மில்லிகிராம் வரை கிடைக்கும். 29ஐ நோக்கினால் இது சிறு உதவி. 15ஐ நோக்கினால் பாதிக்கு மேல். அதே அரிசியை, மாதவிடாய் இழப்பே இல்லாத, 11 மில்லிகிராம் சராசரித் தேவையுள்ள ஆண்களும் உண்பார்கள். தலசீமியா உள்ளவர்களும் உண்பார்கள். அவர்கள் உடலில் இரும்பு சேர்வதே ஆபத்து.

இரத்தசோகை முழுவதும் இரும்புக் குறைவால் வருவதும் இல்லை. பி12, ஃபோலேட் குறைவும் நீடித்த தொற்றுகளும் அதற்குக் காரணமாகலாம். போதாக்குறைக்கு, இந்தியப் பட்டியல் உண்ட இரும்பில் நூற்றுக்கு எட்டுப் பங்கே உடலில் சேரும் என்று கொண்டு கணக்கிடுகிறது. எலுமிச்சை, நெல்லிக்காய், மீன் ஆகியவை உணவோடு சேரும்போது உறிஞ்சல் கூடும். சாப்பிட்ட உடன் குடிக்கும் தேநீர் அதைக் குறைக்கும். எட்டு பன்னிரண்டானால் 15 மில்லிகிராம் தேவை 10 ஆகச் சுருங்கும். களஞ்சியத்திலிருந்து அளக்கும் படியைக் கூட்டுவதற்கு முன் இலையில் என்னென்ன சேர்ந்து விழுகின்றன என்று பார்க்க வேண்டும் என நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இந்த வாதத்தை எதிர்த்திசையில் இழுத்துச் சென்றவர்களும் உண்டு. அந்த ஆபத்தை மறைக்கக் கூடாது. முதலில் அதன் பின்னணி. பொருளாதார அறிஞர்கள் வி.எம். தண்டேகரும் நீலகண்ட ரத்தும் 1971இல், நாளொன்றுக்கு 2250 கலோரி என்ற அளவைக் கொண்டு இந்திய வறுமையை எண்ணினார்கள். அந்தக் கணக்கில் கேரளக் கிராமங்கள் நாட்டிலேயே மிகவும் பின்தங்கியவற்றுள் நின்றன. ஆனால் அதே 1971இல் குழந்தை இறப்பு கேரளத்தில் ஆயிரத்துக்கு 58. இந்தியா முழுமைக்கும் 129. திருவனந்தபுரத்து வளர்ச்சி ஆய்வு மையத்தினர் இந்த முரணை விடாமல் ஆராய்ந்தார்கள். பி.ஜி.கே. பணிக்கரின் எழுத்துகளும், அம்மையம் 1975இல் ஐக்கிய நாடுகள் சபைக்காகத் தயாரித்த அறிக்கையும், மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) போன்ற உணவுகள் கணக்கெடுப்பில் குறைவாகப் பதிவாவதையும் அளவுகோலின் பொருத்தத்தையும் கேள்விக்கு உட்படுத்தின.

ஏறத்தாழ அதே காலத்தில் புள்ளியியல் அறிஞர் பி.வி. சுகாத்மே, ஒருவருடைய தேவையே நாளுக்கு நாள் ஏறி இறங்கும், உடல் தன்னைச் சரிக்கட்டிக்கொள்ளும், ஆகவே வறுமைக்கோட்டைச் சராசரியிலிருந்து வெகுவாகக் கீழிறக்கலாம் என்றார். சேலத்தில் பிறந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தை வழிநடத்திய சி. கோபாலன் இதைக் கடுமையாக மறுத்தார். குறைவாக உண்டு பிழைத்திருப்பவர் சிறுத்த உடலையும் சுருங்கிய உழைப்பையும் விலையாகக் கொடுக்கிறார். அந்தப் பிழைப்பை நலம் என்று அழைக்க முடியாது என்பது அவர் நிலை. நான் கோபாலன் பக்கமே நிற்கிறேன். படியைத் தேவை என்று சொல்வது பிழையென்றால், பிழைத்திருத்தலைத் தேவை என்று சொல்வது அதைவிடப் பெரிய பிழை.

திருவிதாங்கூருக்கு வேறொரு பாடமும் உண்டு. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் ராமவர்மா மரச்சீனிப் பயிரை ஊக்குவித்தார். 1942இல் பர்மா அரிசி நின்றுபோனபோது ஏழைகளின் உயிரைக் காத்தது அந்தக் கிழங்கு. அரைக்கிலோ மரச்சீனி 700 கலோரிக்கு மேல் தரும். புரதமோ ஐந்து கிராமை எட்டுவது அரிது. கலோரிப் படியை நிரப்பும் உணவு புரதப் படியை நிரப்பவில்லை. அந்தக் குறையைச் சாளை மீன் தீர்த்தது. கடற்கரையிலிருந்து விலகி உள்நாட்டில், மீன் வாங்க முடியாத வீட்டில் என்ன ஆயிற்று என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அன்று திருவிதாங்கூரிலும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலும் உள்ள நெய்யூர் மிஷன் மருத்துவமனையில், 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற அறுவை மருத்துவர் ஹோவர்ட் சாமர்வெல், சிறுகுடற் புண் நோயாளிகள் திரளாக வருவதைக் கண்டார். குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வாளர் ராபர்ட் மெக்காரிசன் திருவிதாங்கூர் ஏழைகளின் உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, அவற்றின் இரைப்பையிலும் குடலிலும் புண்கள் தோன்றின. தனித்தனிச் சத்தின் மில்லிகிராமை விட்டுவிட்டு முழு உணவையும் ஒரே பொருளாக அவர் சோதித்தார். நம் பட்டியல்கள் அந்தப் பார்வையை இழந்துவிட்டன.

குன்னூரில் அவருக்குப் பின் வந்த டபிள்யூ.ஆர். அய்க்ராய்டும் கூட்டாளிகளும் 1940இல் வெளியிட்ட அரிசி ஆய்வு இதற்கு நல்ல துணை. நெல்லை அவித்துக் காயவைக்கும்போது தவிட்டிலும் முளையிலும் உள்ள தயமின் அரிசிக்குள் இறங்குகிறது; பின்னர் ஆலையில் தீட்டினாலும் பெரும்பகுதி தங்கிவிடுகிறது. தீட்டிய பச்சரிசி உண்ட வடக்குக் கடற்கரை ஆந்திரத்தில் பெரிபெரி இருந்தது. புழுங்கலரிசி உண்ட பகுதிகள் தப்பின. நெல் அவித்த பெண்கள் எந்தப் பட்டியலையும் பார்த்ததில்லை.

மண்ணும் இதில் சேரும். இளவயதினரின் இதயத்தின் உட்சுவரை நார்போல் தடிக்கச் செய்த நோயொன்று கேரளத்தில் பலரை வாட்டியது. ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் எம்.எஸ். வலியத்தானும் குழுவினரும் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள்: மோனசைட் மணல் கலந்த மண்ணில் விளையும் கிழங்கில் சீரியம் சேர்கிறது, உணவில் மக்னீசியம் குறைந்தவர்களுக்கு அது கேடு செய்கிறது. இது முழுமையாக நிறுவப்பட்டதன்று. நோயும் பின்னர் வெகுவாகக் குறைந்துவிட்டது. இருந்தாலும், ஆணுக்கு 440, பெண்ணுக்கு 370 மில்லிகிராம் மக்னீசியம் என்ற வரி, எந்த மண்ணில் விளைந்த உணவோடு சேர்ந்து என்ற கேள்வியைக் கேட்பதில்லை.

சாலைக் கடைத்தெருவில் பிஸ்கட் பொட்டலம் ஒன்றைப் புரட்டிப் பார்த்தால் குழப்பம் இன்னும் ஒரு படி ஏறுகிறது. 2020 உணவு முத்திரை விதிகள் ஆற்றல், மொத்தக் கொழுப்பு, நிறைவுற்ற கொழுப்பு, டிரான்ஸ் கொழுப்பு, சேர்த்த சர்க்கரை, சோடியம் ஆகிய ஆறையும் 'பரிந்துரை அளவில் இத்தனை விழுக்காடு' என்று காட்டச் சொல்கின்றன. சர்க்கரைக்கு 50 கிராம், சோடியத்துக்கு 2000 மில்லிகிராம், டிரான்ஸ் கொழுப்புக்கு 2 கிராம். இவை தாண்டக் கூடாத எல்லைகள். எட்ட வேண்டிய அளவுகள் அல்ல. எட்ட வேண்டிய அளவுள்ள புரதத்துக்கு அந்த ஆறில் இடமில்லை. கூரைக்கும் தரைக்கும் ஒரே பெயரைச் சூட்டிவிட்டு, வாங்குபவர் விளங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவது நியாயமில்லை.

எனவே தமிழில் மூன்று சொற்களைப் பிரித்து ஆள வேண்டும் என்று முன்மொழிகிறேன்: சராசரித் தேவை, பரிந்துரைப் படி, உச்ச வரம்பு. கிழக்கேகோட்டைக்கு அருகில் நூறு பேருக்குச் சமைக்கும் மாணவர் விடுதி, சாமான் வாங்கும்போது படியைப் பார்க்கட்டும். யாருக்கும் குறையாமலிருக்க அதுவே சரியான எண். அந்த விடுதியில் எத்தனை பேருக்குக் குறைவு என்று ஆய்வு செய்பவர் சராசரித் தேவையைக் கையில் எடுக்கட்டும். மருந்துக்கடையில் இரும்பு மாத்திரையைத் தாமாகவே கேட்டு வாங்குபவரிடம், கடைக்காரர் 45 மில்லிகிராம் என்ற உச்ச வரம்பைச் சொல்லி, குருதிப் பரிசோதனை செய்தாயிற்றா என்று கேட்கட்டும்.