முதியோர் கல்வியில் முதியோர் எங்கே?

‘முதியோர் கல்வி’ என்ற சொல்லைக் கேட்டதும் பெரும்பாலானவர்களுக்கு ஒரு காட்சி நினைவுக்கு வரும். ராத்திரி ஏழு மணி, அரிக்கேன் விளக்கு, ஒரு கரும்பலகை, பள்ளிக்கூட வராந்தாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அ, ஆ எழுதும் பெரியவர்கள். அந்தத் திட்டத்தின் விதிமுறையைப் பார்த்தால் ஒரு வேடிக்கை இருக்கிறது. அது கணக்கில் எடுத்துக்கொண்ட வயது 15 முதல் 35 வரைதான்!

36 வயதுக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தால் யாரும் விரட்டியிருக்க மாட்டார்கள். ஆனால் அவருக்காகப் போட்ட திட்டம் இல்லை அது. ‘வயது வந்தோர் கல்வி’ என்று சொல்ல வேண்டியதைத்தான் மக்கள் வழக்கில் ‘முதியோர் கல்வி’ என்று சொல்லி வந்தோம். பெயரில் முதியோர் இருந்தார்கள், திட்டத்தில் இல்லை. இந்த 35 என்ற எண் எங்கிருந்து வந்தது, எப்போது போனது என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஆவடிக்கு வந்த ஒரு பெண்

எண்களை மட்டும் சொல்லிக்கொண்டு போனால் புரியாது. அதனால் ஒரு கற்பனை மனிதரை வைத்துப் பார்ப்போம்.

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி பக்கம் எல்லாம் ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்த ஊர்கள். 1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கப்பட்டது. 1959-ல் டன்லப் டயர் தொழிற்சாலை வந்தது. 1961-ல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டு, 1965-ல் ‘விஜயந்தா’ டாங்கி அங்கிருந்து வெளியே வந்தது. அறுபதுகளில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் உருவானது. வேலை தேடி வெளியூர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள்.

தொழிற்சாலைக்குள் போனவர்கள் ஓரளவு படித்தவர்கள், தொழில் பழகியவர்கள். ஆனால் அந்தக் கட்டடங்களைக் கட்ட மண் சுமந்தவர்கள்? கணவனோடு கூட வந்த மனைவி? 1951 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு சுமார் 18 பேர். பெண்களில் 9 பேர்கூட இல்லை. ஆக, 1961-ல் தன் 20-வது வயதில் ஆவடிக்கு வந்து சேர்ந்த, கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். அவருக்கு வகுப்பு எப்போது வந்தது என்று பார்க்கலாம்.

1978: இரண்டு வருடத்தில் தவறியது

1978 அக்டோபர் 2-ம் தேதி, காந்தி பிறந்த நாளில், ஜனதா அரசு தேசிய முதியோர் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. ஐந்து ஆண்டுகளில் 10 கோடிப் பேருக்கு எழுத்தறிவு என்பது இலக்கு. ஒரு மையத்துக்குச் சுமார் 30 பேர், நடத்துபவருக்கு மாதம் 50 ரூபாய் மதிப்பூதியம். வயது 15 - 35.

நம் ஆவடிப் பெண்ணுக்கு அப்போது 37. இரண்டு வருடத்தில் தவறிவிட்டது!

அடுத்து 1988 மே 5-ம் தேதி ராஜீவ் காந்தி அரசு தேசிய எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கியது. 1995-க்குள் 8 கோடிப் பேர் என்று இலக்கு. வயது மறுபடியும் 15 - 35. அவருக்கு அப்போது 47.

ஏன் 35? இதற்குப் பொருளாதாரம் படிப்பவர்களுக்கு உடனே பதில் தெரியும். 1960-ல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் தியோடர் ஷூல்ட்ஸ் ‘மனித மூலதனம்’ பற்றி ஒரு புகழ்பெற்ற உரை நிகழ்த்தினார். படிப்புக்குச் செய்யும் செலவு வெறும் செலவல்ல, இயந்திரத்தில் போடும் பணத்தைப் போல அதுவும் ஒரு முதலீடு என்பது அதன் சாரம். 1979-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஏழை நாடுகளின் அரசுகள் கல்விக்குப் பணம் ஒதுக்க இந்த வாதம் மிகவும் உதவியது. அந்த நன்மையை மறுக்க முடியாது.

ஆனால் முதலீடு என்று சொல்லிவிட்டால் அடுத்த கேள்வி ‘போட்ட பணம் எத்தனை வருடத்தில் திரும்பும்?’ என்பதுதானே. 20 வயதுக்காரருக்குச் சொல்லிக் கொடுத்தால் நாற்பது வருடம் பலன். 50 வயதுக்காரருக்கு எட்டோ பத்தோ வருடம். 70 வயதுப் பாட்டிக்கு? பேரேட்டில் வரவுப் பக்கம் காலி! உழைக்கும் வயது, பிள்ளை பெற்று வளர்க்கும் வயது, இவற்றுக்கே முன்னுரிமை என்று கோடு போட்டபோது அது 35-ல் வந்து நின்றது. கையில் இருந்த பணம் குறைவு, படிக்காதவர்கள் கோடிக்கணக்கில் என்ற நிலையில் யாரையாவது விட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது. விடப்பட்டவர்கள் வயதானவர்கள்.

இன்னொரு குரல்

இதே காலத்தில் வேறு மாதிரி யோசித்தவர்களும் இருந்தார்கள். 1972-ல் யுனெஸ்கோவுக்காக எட்கர் ஃபோர் தலைமையிலான குழு ஓர் அறிக்கை கொடுத்தது. படிப்பு என்பது இளமையில் முடிந்துபோகும் ஒரு கட்டம் அல்ல, வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டியது என்று அது சொன்னது. ‘வாழ்நாள் கல்வி’ என்ற சொல் உலகமெங்கும் பரவ அது ஒரு முக்கியக் காரணம்.

இதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. வேலூரில் பிறந்த மால்கம் ஆதிசேஷையா அதற்கு முன்பு யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராக இருந்தவர். பொருளாதாரப் பேராசிரியர். சென்னை திரும்பியதும் 1971-ல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தை ஆரம்பித்தார், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தார். 1994-ல் மறையும் வரை வயது வந்தோர் கல்விக்காகப் பேசியும் எழுதியும் வந்தார்.

அதற்கு அடுத்த வருடமே, அதாவது 1973-ல், பிரான்சில் துலூஸ் நகரத்தில் பியர் வெல்லாஸ் என்ற பேராசிரியர் ஓய்வு பெற்றவர்களுக்காக ‘மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம்’ தொடங்கினார். முதல் வயது படிக்கும் பருவம், இரண்டாவது வேலை பார்க்கும் பருவம், மூன்றாவது ஓய்வுக்குப் பிந்தைய பருவம். அங்கே பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் வந்து பாடம் நடத்தினார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் இது இங்கிலாந்துக்குப் போனபோது பீட்டர் லாஸ்லெட் முதலானவர்கள் ஒரு பெரிய மாற்றம் செய்தார்கள். வெளியிலிருந்து ஆசிரியர் தேவையில்லை, உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுக்கட்டும் என்றார்கள். ஓய்வு பெற்ற தபால்காரர் செடி கொடி பற்றிச் சொல்லலாம், ஓய்வு பெற்ற டாக்டர் அவரிடம் மாணவராக உட்காரலாம். தேர்வு இல்லை, பட்டம் இல்லை, சம்பளமும் இல்லை. இன்று பிரிட்டனில் மட்டும் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்கள் இயங்குகின்றன. வரலாறு, கணிதம், ஓவியம், மொழிகள் என்று எதையும் விடுவதில்லை.

எழுத்தோடு நிற்காத வகுப்பு

நம் பக்கத்திலும் கோட்டைத் தாண்டியவர்கள் இருந்தார்கள். கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டம் 1989-ல் தொடங்கிய இயக்கத்தில் 60 வயது வரை உள்ளவர்களையும் சேர்த்துக்கொண்டது. 1990 பிப்ரவரியில் இந்தியாவின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டம் என்ற பெயரையும் வாங்கியது.

அடுத்து புதுக்கோட்டை. 1991-ல் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. கல்குவாரிப் பெண்கள், விவசாயக் கூலிப் பெண்கள் எல்லாம் எழுத்தோடு சேர்த்து சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளில் ஏறியவர்கள் ஏராளம். ஓட்டத் தெரிந்ததைக் காட்டும் விழாக்களில் 70,000-க்கும் மேற்பட்ட பெண்கள் கலந்துகொண்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் சந்தைக்குப் போக முடிந்தது, தண்ணீர் கொண்டு வர முடிந்தது. வகுப்புக்கு வருபவர் எதைக் கற்க ஆசைப்படுகிறாரோ அதுவும் பாடம்தான் என்பதைப் புதுக்கோட்டை காட்டியது.

கோடு அழிந்தது... ஆனால்

2009 செப்டம்பர் 8-ம் தேதி ‘சாக்ஷர் பாரத்’ திட்டம் வந்தபோதுதான் 35 என்ற மேல்வரம்பு எடுக்கப்பட்டது. 15 வயதுக்கு மேல் யாராக இருந்தாலும் சேரலாம். ஆவடிப் பெண்ணுக்கு அப்போது 68. சரி, இப்போதாவது கிடைத்ததா? அந்தத் திட்டம் 2001 கணக்கெடுப்பில் பெண்கள் எழுத்தறிவு 50 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்த மாவட்டங்களையே முக்கியமாக எடுத்துக்கொண்டது. ஆவடி இருக்கும் திருவள்ளூர் மாவட்டம் அதைவிட நல்ல நிலையில் இருந்தது. மாவட்டத்தின் சராசரி நன்றாக இருந்ததால் அவர் மறுபடியும் விடுபட்டார்!

2020 தேசியக் கல்விக் கொள்கையில் வயது வந்தோர் கல்விக்கும் வாழ்நாள் கற்றலுக்கும் தனி அத்தியாயமே இருக்கிறது. 2022-ல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்திலும் மேல்வரம்பு கிடையாது. எழுத்து, கணக்கு மட்டுமின்றி வாழ்க்கைத் திறன், தொழில் திறன், தொடர் கல்வி என்று பாடமும் விரிந்திருக்கிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் 1961-ல் 20 வயதாக இருந்தவருக்கு 2022-ல் 81 வயது.

81-ல் படித்து என்ன ஆகப் போகிறது என்று கேட்பவர்கள் இருக்கலாம். கேரளத்தில் ஆலப்புழை மாவட்டத்துக் கார்த்தியாயினி அம்மா 2018-ல் தன் 96-வது வயதில் எழுத்தறிவுத் தேர்வு எழுதி 100-க்கு 98 மதிப்பெண் வாங்கினார். ஐந்து வருடம் கழித்து 101 வயதில் காலமானார். முதலீட்டுக் கணக்குப்படி இது நஷ்டம். ஆனால் அந்த ஐந்து வருடமும் அவர் எழுதப் படிக்கத் தெரிந்தவராக வாழ்ந்தார் என்பதை எந்தப் பத்தியில் பதிவது? 

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் காலையில் எந்தப் பூங்காவுக்குப் போனாலும் அவர்களைப் பார்க்கலாம். லேத்தில் ஒரு நூல் பிசகாமல் கடைந்தவர்கள், டாங்கி இன்ஜினைப் பிரித்து மாட்டியவர்கள், ஒரு சம்பளத்தில் நான்கு பிள்ளைகளைக் கரையேற்றியவர்கள். ஆனால் செல்போனில் வந்த செய்தியைப் படிக்கவோ, பேங்க் படிவத்தை நிரப்பவோ பேரன் வரும் வரை காத்திருப்பவர்களும் இவர்களுக்குள் இருக்கிறார்கள். சொல்லிக் கொடுக்க ஆட்களும் அங்கேயே இருக்கிறார்கள், கற்றுக்கொள்ள ஆட்களும் அங்கேயே இருக்கிறார்கள். இங்கிலாந்துக்காரர்கள் செய்தது இந்த இருவரையும் ஒரே அறையில் உட்கார வைத்ததுதான். அதற்கு ஒரு நூலக அறையும் வாரத்துக்கு ஒரு மாலையும் போதும்.

முதியோர் கல்வி என்ற பெயரை நாம் நாற்பது வருடங்களுக்கு முன்பே வைத்துவிட்டோம். அந்தப் பெயருக்கு உரியவர்களை உள்ளே கூப்பிடுவதுதான் பாக்கி. உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியிடம் இன்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். என்ன கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு முடியாமல் போனது என்று. பதில் வர நேரமாகலாம், காத்திருங்கள். இதுவரை அவர்களிடம் யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.