தமிழ்நாட்டின் பழைய திரையரங்குகள்

தமிழ்நாட்டின் பழைய திரையரங்குகள் என்பவை 1910களில் தோன்றி, ஒற்றைத் திரையும் பெருங்கூட்டம் கொள்ளும் ஒரே கூடமுமாக எண்பது ஆண்டுகளுக்கு மேல் கோலோச்சிய படக்கொட்டகைகள். நகரத்து மாடி அரங்குகள், சிற்றூர் டாக்கீஸ்கள், கிராமத்து டூரிங் கொட்டகைகள் மூன்றும் இதில் அடங்கும். இவற்றின் அழிவுக்குத் தொலைக்காட்சிதான் காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆனால் ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அந்த விளக்கம் போதவில்லை. படம் ஊர் ஊராக மெல்ல நகர்ந்த வணிகமுறையும், நகர நடுவில் மலிவாகக் கிடைத்த மனையுமே பெரிய கூடத்தைத் தாங்கி நின்றன. அவை இரண்டும் போனபோதுதான் கூடம் சரிந்தது.

தோற்றம்

திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் காட்டத் தொடங்கினார். 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிலையான அரங்கைக் கட்டினார். அந்தத் தெரு இன்றும் அதன் பெயரைத் தாங்குகிறது. சென்னையில் வார்விக் மேஜர் 1913இல் மவுண்ட் ரோட்டில் எலக்ட்ரிக் தியேட்டரைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே ரகுபதி வெங்கையா அதே சாலைக்கு அருகில் கெயிட்டியை எழுப்பினார். சென்னையில் இந்தியர் ஒருவருக்குச் சொந்தமான முதல் திரையரங்கு அதுதான். பின்னர் அவர் கிரவுன், குளோப் ஆகியவற்றையும் கட்டினார். முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியானது. இவற்றுள் எலக்ட்ரிக் தியேட்டர் சில ஆண்டுகளே படம் காட்டியது. அஞ்சல் துறையின் கைக்குப் போனதால் அதன் கட்டடம் அண்ணா சாலை அஞ்சலக வளாகத்தில் இன்றும் நிற்கிறது. எண்பது ஆண்டுகளுக்கு மேல் படம் காட்டிய கெயிட்டியோ இடிக்கப்பட்டுவிட்டது. திரையரங்காகவே நீடித்த கட்டடத்துக்குப் பாதுகாப்பு இல்லை என்பதை இந்த இரண்டின் விதியும் காட்டுகிறது.

கூடமும் கூட்டமும்

தமிழர் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து கலை நிகழ்ச்சி பார்த்த முதல் இடம் திரையரங்கே என்பது பேராசிரியர் கா. சிவத்தம்பியின் கணிப்பு. கோயில் மண்டபத்திலும் சபாக்களிலும் சாதியும் செல்வாக்கும் இடத்தை முடிவு செய்தன. இங்கே கையிலிருந்த காசு முடிவு செய்தது. இதற்கு ஒரு மறுப்பு உண்டு: தரை, பெஞ்சு, நாற்காலி, பால்கனி என்று கூடத்தையே வகுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி வாசலும் தனி டிக்கெட் வரிசையும் வைத்த இடத்தைச் சமத்துவத்தின் இடம் என்று எப்படிச் சொல்வது? மறுப்பு நியாயமானதே. பணக்காரனும் ஏழையும் அங்கே தோளோடு தோள் உரசவில்லை. ஆனால் தரை டிக்கெட்டுக்காரன்தான் திரைக்கு மிக அருகில் இருந்தான். அவனது விசிலும் கைதட்டலும் பால்கனிவரை கேட்டன. எந்தக் காட்சிக்குக் கூட்டம் எழுகிறது என்று கவனித்துத்தான் அடுத்த படத்துக்கு விநியோகஸ்தர் முன்பணம் கொடுத்தார். ஏழையின் ரசனை கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது என்பதே இந்தக் கூடத்தின் உண்மையான சாதனை. 1952 தீபாவளியன்று 'பராசக்தி'யுடன் திறக்கப்பட்ட மதுரை தங்கம் தியேட்டர் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அமரும் அளவில் கட்டப்பட்டதற்கு இந்தத் திரள்தான் காரணம்.

கிராமத்தில் இந்த வேலையை டூரிங் கொட்டகை செய்தது. கீற்றுக் கூரை, மணல் தரை, மாலையில் ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு; அது கேட்டால் டிக்கெட் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று பக்கத்து ஊர்களுக்குத் தெரியும். பெரும்பாலும் ஒரே புரொஜெக்டர் என்பதால் ஒவ்வொரு சுருளையும் மாற்ற இடைவேளை விட்டார்கள். நகரத்து அரங்கில் இரண்டு கருவிகள் இருந்ததால் சுருள் மாறுவது பார்ப்பவருக்குத் தெரியாது. ஆபரேட்டருடைய கவனம் முழுவதும் கார்பன் குச்சிகளின்மீது இருந்தது. எதிரெதிரே நிறுத்திய இரு குச்சிகளுக்கு இடையே எரியும் வில்லொளிதான் திரைக்கு வெளிச்சம். குச்சி எரிந்து குறையக் குறைய இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்காவிட்டால் படம் மங்கிவிடும். அரங்கு நிறைந்த ஒவ்வொரு காட்சியும் இப்படி ஒரு தொழிலாளியின் இடைவிடாத கைவேலையால் நடந்தது.

வீழ்ச்சியின் காரணங்கள்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975இல் வந்தது. ஆனாலும் அடுத்த ஆண்டே புரசைவாக்கத்தில் அபிராமி திரையரங்கு திறக்கப்பட்டது. 1983இல் அசோக் நகரில் உதயம் வளாகம் வந்தது. 1989இல் 'கரகாட்டக்காரன்' மதுரையில் ஓராண்டுக்கு மேல் ஓடியது. தொலைக்காட்சியும் வீடியோ கேசட்டும் கூட்டத்தைக் குறைத்தன என்பதில் ஐயமில்லை. 1990களில் கேபிள் இணைப்பு அதை விரைவாக்கியது. ஆனால் ஆள் குறைந்தால் படத்தொழிலே சுருங்கியிருக்க வேண்டும். அது சுருங்கவில்லை. அழிந்தது ஒரு வகைக் கூடம் மட்டுமே.

அந்தக் கூடம் மெதுவான ஓட்டத்துக்காகக் கட்டப்பட்டது. ஒரு படத்துக்குச் சில பத்துப் பிரதிகளே போடப்பட்ட காலத்தில், படப்பெட்டி பெருநகரில் வாரக்கணக்கில் ஓடிவிட்டுப் பி சென்டர் எனப்பட்ட சிறுநகரங்களுக்கும், பிறகு சி சென்டர் எனப்பட்ட சிற்றூர்களுக்கும் போகும். பார்க்க விரும்பியவர்கள் அந்த ஒரே அரங்குக்குத்தான் வந்தாக வேண்டும். 1944இல் வெளியான 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது இந்த ஏற்பாட்டில்தான். 2000களின் நடுவில் டிஜிட்டல் திரையிடல் பரவியதும் பிரதிக்கான செலவு பெருமளவு குறைந்தது. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான திரைகளில் படம் இறங்கியது. வசூல் முதல் சில நாட்களுக்குள் அடங்கிப்போனது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள் வெள்ளி முதல் ஞாயிறு வரை நிறைந்து, திங்களன்று வெறிச்சோடின. மல்டிபிளக்ஸ் ஒரே படத்தைப் பெரிய திரையிலிருந்து சிறிய திரைக்கு மாற்றிச் சமாளிக்கும். ஒற்றைத் திரைக்கு அந்த வழி இல்லை. 2005இல் வந்த 'சந்திரமுகி' சாந்தி தியேட்டரில் எண்ணூறு நாட்களைத் தாண்டியதை எதிர்ச்சான்றாகக் காட்டலாம். ஆனால் படத்தைத் தயாரித்தவர்களும் அரங்கை வைத்திருந்தவர்களும் ஒரே குடும்பத்தார்; அந்த வாய்ப்பு மற்ற உரிமையாளர்களுக்கு இல்லை. சாந்தியும் 2016இல் மூடப்பட்டது.

நகர நடுவில் ஏறிய மனை விலை இதற்கு முன்பே வேலையைத் தொடங்கிவிட்டது. 1964இல் திறந்து, ஒரே வளாகத்தில் மூன்று திரைகளைத் தந்த சென்னை சஃபையர், டிஜிட்டல் முறை வருவதற்கு வெகுமுன்பே 1994இல் மூடப்பட்டது. தங்கம் தியேட்டர் இருந்த இடத்தில் இன்று ஜவுளிக்கடை இருக்கிறது. தண்டையார்பேட்டை அகஸ்தியா 2020இலும், உதயம் 2024இலும் முடிவுக்கு வந்தன. உரிமையாளர்கள் கழிப்பறையையும் இருக்கையையும் கவனிக்காமல் விட்டதே காரணம் என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. குடும்பங்களை விரட்டியதில் அதற்குப் பங்குண்டு. ஆனால் டிக்கெட் விலைக்கு அரசு உச்சவரம்பு வைத்து, கேளிக்கை வரியும் வாங்கிய காலத்தில், போட்ட முதல் திரும்புமா என்ற தயக்கத்துக்கும் காரணம் இருந்தது. பிழைத்தவை பெரும்பாலும் கூடத்தைப் பல திரைகளாகப் பிரித்துக்கொண்டவை. கட்டடம் தப்பியது, பெருங்கூடம் தப்பவில்லை.

இன்றைய நிலை

மல்டிபிளக்ஸ்களும் முன்வரிசையில் ஒரு பகுதியை 10 ரூபாய்க்கு விற்க வேண்டும் என்ற விதி தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. தரை டிக்கெட்டின் முக்கியத்துவத்தை அரசு உணர்ந்திருந்தது என்பதற்கு அதுவே சான்று. எல்லா அரங்குகளையும் காப்பாற்ற முடியாது. நட்டத்தில் நடத்தச் சொல்லி உரிமையாளரைக் கட்டாயப்படுத்துவதும் நியாயமில்லை. ஆனால் அவற்றின் பதிவுகளையாவது காப்பாற்றலாம். 1955ஆம் ஆண்டின் சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி ஒவ்வொரு கொட்டகைக்கும் மாவட்ட ஆட்சியரிடமும், சென்னையில் காவல் ஆணையரிடமும் உரிமம் பெற வேண்டியிருந்தது. உரிமக் கோப்புகளில் வரைபடமும் வகுப்புவாரி இருக்கைக் கணக்கும் இருக்கும். அவற்றைத் திரட்டி ஆவணக் காப்பகத்தில் சேர்ப்பது பெரிய செலவில்லாத வேலை. தமிழ்த் திரைப்பட வரலாறு இதுவரை நடிகர்களையும் இயக்குநர்களையும் கொண்டே எழுதப்பட்டிருக்கிறது. அதன் மறுபாதியான பார்வையாளரின் வரலாறு, எந்த ஊரில் எந்த வகுப்பில் எத்தனை இருக்கைகள் இருந்தன என்ற அந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்க முடியும்.