ஸ்டாண்டர்டு ஹெரால்டு அடிச்சட்டகம்

ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்பது சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 இல் தயாரிக்கத் தொடங்கிய மகிழுந்து ஆகும். இது இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டை (1959) அடிப்படையாகக் கொண்டது.

அமைப்பு

அருகிலுள்ள திருப்பெரும்புதூர்–ஒரகடம் ஆலைகளில் உருவாகும் இன்றைய மகிழுந்துகளில் உடற்கூடே சுமையைத் தாங்குகிறது. ஹெரால்டிலோ தனி எஃகு அடிச்சட்டகத்தின் மீது உடற்பகுதிகள் மரையாணிகளால் பொருத்தப்பட்டுள்ளன. கதவுகளுக்குக் கீழுள்ள தகடுகள் சுமை தாங்குவதில்லை. எனவே சட்டகத்தின் பக்கத்தாங்கிகள் துருப்பிடித்தால் வண்டியின் உறுதி குறையும்.

வலுவூட்டல்

துருவேறிய பகுதியை முழுவதும் வெட்டி நீக்கி, நல்ல எஃகுடன் புதிய தகட்டைப் பற்றவைக்க வேண்டும்; துருவின் மேல் இடும் ஒட்டு நிலைக்காது. பல தாங்கிகளை ஒரே நேரத்தில் வெட்டினால் சட்டகம் முறுக்கிக்கொள்ளும். கதவுகள் சரியாகப் பொருந்தா. ஆகவே சட்டகத்தைச் சமதளத்தில் முட்டுக்கொடுத்து நிறுத்தி, தாங்கிகளை ஒவ்வொன்றாக மாற்றுவர். ஆங்காங்கே சிறு பற்றுகள் இட்டு, அளவைச் சரிபார்த்த பின்னரே முழுவதும் பற்றவைப்பர்.

பாதுகாப்பு

வீட்டில் இப்பணியைச் செய்வோர் மின்கல இணைப்பைத் துண்டித்து, எரிபொருள் தொட்டியைக் கழற்றி அப்புறப்படுத்துதல் இன்றியமையாதது. காலியான தொட்டியில் எஞ்சும் பெட்ரோல் ஆவியும் வெடிக்கக்கூடியது.