கயத்தாற்றுக் கற்குவியலும் கற்சிலைமடுக் கல்லும்

தமிழகத்துக்குப் போகும் எங்களவர்கள் மதுரை மீனாட்சியையும் இராமேசுவரத்தையும் தரிசித்து, தியாகராய நகரில் புடைவை வாங்கிக்கொண்டு திரும்புவதே வழக்கம். அதிற் குறை சொல்ல ஏதுமில்லை. நான் கடந்த முறை சென்றபோது, மதுரையிலிருந்து திருநெல்வேலி செல்லும் வழியிற் கயத்தாற்றில் இறங்கினேன். 1799 ஒக்ரோபர் 16ஆம் திகதி வீரபாண்டிய கட்டபொம்மனை மேஜர் பானர்மன் தூக்கிலிட்ட ஊர் அது.

இன்று அங்கே நிற்கும் சிலை, நடிகர் சிவாஜி கணேசன் 1970இல் எழுப்பியது. ஆனால் சிலைக்கு முந்திய வழக்கமொன்று அவ்வூரில் இருந்தது. அவ்வழியே போவோர் ஆளுக்கொரு கல்லை எடுத்து அந்த இடத்திற் போட்டுச் செல்வர். அது நாளடைவிற் குவியலாயிற்று. பாளையக்காரனின் பெயரைச் சொல்வதே ஆபத்தாயிருந்த காலத்தில், வழிப்போக்கன் ஒரு கல்லைப் போட்டதை யார் குற்றமென்பது?

அதைக் கேட்டபோது எங்கள் வன்னியின் கல்லே நினைவுக்கு வந்தது. கண்டி வீதியிற் புளியங்குளம் சந்தியிலிருந்து கிழக்கே திரும்பி, நெடுங்கேணியூடாகச் சென்றால் ஒட்டுசுட்டான். அதற்கு அண்மையில் உள்ளது கற்சிலைமடு. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டு நான்கு ஆண்டுகளுக்குள், 1803 ஓகஸ்ட் 25ஆம் திகதி, பண்டாரவன்னியன் முல்லைத்தீவில் இருந்த ஆங்கிலேயரின் கோட்டையைக் கைப்பற்றினான். இரண்டு மாதங்களின் பின் ஆங்கிலப் படை திருப்பித் தாக்கியது. கப்டன் வொன் டிறிபேர்க் ஒக்ரோபர் 31ஆம் திகதி இவ்விடத்தருகே பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்று ஆங்கிலத்திற் பொறித்த கல்லொன்று கற்சிலைமடுவில் நடப்பட்டது.

வென்றவனைப் போற்றிய கல் அது. எனினும் எங்கள் சனங்கள் அதைத் தங்கள் மன்னனின் நடுகல்லாகவே கண்டனர். டிறிபேர்க்கை யார் நினைத்தார்கள்? கயத்தாற்றில் மக்கள் தாமே கல்லிட்டனர். இங்கே பகைவன் நட்ட கல்லையே தமதாக்கிக்கொண்டனர். இரண்டாவதே எனக்கு வியப்பளிக்கிறது.

ஆனால் இதில் ஒரு சிக்கலும் உண்டு. பண்டாரவன்னியன் அன்றே களத்தில் வீழ்ந்தான் என்று மேடைகளிற் பலர் பேசக் கேட்டிருக்கிறேன். கல்லில் இருந்த செய்தி தோல்வி மட்டுமே, மரணம் அன்று. அதன் பின்னரும் சில ஆண்டுகள் அவன் ஆங்கில அதிகாரிகளுக்குத் தலையிடியாக இருந்தமை அவர்களின் ஆவணங்களிலேயே காணப்படுகிறது. வன்னி மாவட்டங்கள் பற்றி ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட நூல் இவ்விடயத்தில் இன்றும் படிக்கத்தக்கது. ஒரே நாளில் மாண்ட வீரனைவிட, தோற்றும் பணியாமல் காடுகளிற் திரிந்தவன் எவ்வகையிற் குறைந்தவன் என்பது எனக்கு விளங்கவில்லை.

கலைஞர் கருணாநிதி அவனைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். எங்கள் முல்லைமணியின் நாடகம் வன்னியில் அவன் பெயரை ஊர் ஊராகக் கொண்டுசென்றது. வவுனியா கச்சேரியருகே 1982இல் சிலையும் வந்தது. நினைவுநாளுக்கு மாலை விழுவது அங்கேதான், ஓகஸ்ட் 25இல், அதாவது வெற்றி பெற்ற நாளில்.

கற்சிலைமடுவின் பழைய கல்லோ போர் முடிந்த மறுவருடம், 2010இல், உடைக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. பகைவன் தன் பெருமைக்கு நட்டு, இரண்டு நூற்றாண்டு யுத்தங்களில் எஞ்சிய வரலாற்றின் சாட்சி அது. 1997இல் ஜயசிக்குறுச் சமரிற் சிதைந்த புளியங்குளம் சந்தியிற் கடைகளை மீண்டும் கட்டிவிட்டோம். அந்த எழுத்துகளை அப்படிக் கட்ட இயலாது.