தாழ்ந்த அளவா, தகுந்த அளவா? நிவோலுமாப் முதற்கட்டச் சோதனை: ஒரு மறுவாசிப்பு

முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு மும்பை டாடா நினைவு மையம் கொடுத்துப் பார்த்த 20 மில்லிகிராம் நிவோலுமாப் மருந்து, விலைக்குப் பணிந்த சமரசம் என்றே பெரும்பாலும் பேசப்படுகிறது. வழக்கமான அளவு இரு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம். மும்பையில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20. கணக்கிட்டால் ஆறு விழுக்காட்டுக்கும் கீழே வருகிறது. ஆனால் இந்த அளவுக்கான சான்று, மருந்து மனிதருக்கு முதன்முதலில் செலுத்தப்பட்ட சோதனையிலேயே இருக்கிறது என்பது என் வாதம்.

2010இல் வெளியான அந்த அறிக்கையில் 39 நோயாளிகள். கிலோவுக்கு 0.3, 1, 3, 10 மில்லிகிராம் என ஆறாறு பேருக்கு ஒற்றைத் தவணை. பின்னர் 10இல் மேலும் 15 பேர். பத்து வரை ஏறியும் நோயாளிகள் தாங்கினர் என்பதையே முந்தைய வாசிப்புகள் பிடித்துக்கொண்டன. தாங்கும் உச்ச அளவே சிறந்தது என்ற கணக்கு, செல்களைக் கொல்லும் பழைய மருந்துகளுக்குப் பொருந்தும். நிவோலுமாப் கொல்வதில்லை, டி செல்லின் மீதுள்ள பிடி-1 ஏற்பியில் அமர்ந்து அதன் தடையை நீக்குகிறது. அமர வேண்டிய இடங்கள் நிறைந்தபின் கூடுதல் மருந்துக்கு வேலை குறைவு.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி வேறு. குருதியில் மருந்தின் அரைவாழ்நாள் 12 முதல் 20 நாள். ஆயினும் குருதியிலுள்ள டி செல்களின் பிடி-1 ஏற்பிகளில் சராசரியாக 70 விழுக்காட்டுக்கு மேல், இரண்டு மாதம் கடந்தும் நிறைந்தே இருந்தன. செலுத்திய அளவு எதுவானாலும் இதே நிலைதான். கடும் பக்கவிளைவாகப் பதிவான குடல் அழற்சியும் கிலோவுக்கு 1 மில்லிகிராம் பெற்றவருக்கே வந்தது, 10 பெற்றவருக்கு அல்ல. 65 கிலோ எடைக்கு, கிலோவுக்கு 0.3 என்பது 19.5 மில்லிகிராம். சாப்பிட முடியாமல் 45 கிலோவுக்கு மெலிந்த வாய்ப்புற்று நோயாளிக்கு 20 மில்லிகிராம் கொடுத்தால் கிலோவுக்கு 0.44 ஆகிறது, சோதனையின் முதற்படிக்கும் மேலே.

குருதியில் கண்டது கட்டிக்குள்ளும் நடக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாதுதான். இதைவிட வலுவான தடை 2012இன் பெரிய முதற்கட்ட அறிக்கை: நுரையீரல் புற்றில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் அளவுக்கு 6 விழுக்காட்டினரிடமே கட்டி சுருங்கியது, 3க்கு 32. ஆனால் 10க்கு அது 18 ஆக இறங்கியது. மூன்று குழுவுக்கும் சேர்த்து 76 பேர். இதைக் கொண்டு நுரையீரலில் எச்சரிக்கை காக்கலாம். ‘கூடினால் நல்லது’ என்ற விதியை நிறுவ முடியாது. நடைமுறையில், 40 மில்லிகிராம் குப்பியை 20 வீதம் இருவருக்குப் பகிர்வது சிரமம் என்ற ஆட்சேபம், இருவரையும் ஒரே நாளில் வரச்சொன்னால் தீர்ந்துவிடும்.

மும்பைச் சோதனையில் 151 பேர். மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப், எர்லோடினிப் மாத்திரைகள் மட்டும் பெற்றவர்களின் இடைநிலை வாழ்காலம் 6.7 மாதம், நிவோலுமாப் சேர்த்தவர்களுக்கு 10.1. கடும் பக்கவிளைவு கூடவில்லை. முழு அளவு பெற்ற குழு அதில் இல்லை. ஆகவே இரண்டும் சமம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 20 மில்லிகிராம் வேலை செய்கிறது என்பதில் ஐயமில்லை.

குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் இந்நோய்க்கு அங்கீகரிக்கப்பட்ட மருந்துமுறைகள் 1 முதல் 3 விழுக்காட்டினருக்கே எட்டுவதாக மும்பைச் சோதனையின் அறிக்கை சொல்கிறது. கீழ்பென்னாத்தூரிலிருந்து காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசுப் புற்றுநோய் மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ பஸ் ஏறும் நோயாளி பெரும்பாலும் மீதிப் பங்கைச் சேர்ந்தவர். அவரிடம் இதை ‘குறைந்த வைத்தியம்’ என்று சொல்வது சான்றுக்குப் புறம்பானது. 20ஐயும் 240ஐயும் நேருக்கு நேர் ஒப்பிடும் சோதனைக்கு அரசுப் பணம் வேண்டும். மருந்தை விற்பவர் அதற்குச் செலவிடுவார் என்று காத்திருக்கக் கூடாது. தமிழகப் பொது மருத்துவமனைகள் அதில் முன்னிற்க வேண்டும்.