மூச்சு நுண்குழாய் அழற்சி: நெபுலைசர் மருந்துகள்

மூச்சு நுண்குழாய் அழற்சி என்பது இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் நுரையீரல் நுண்குழாய்கள் வீங்கிச் சளியால் அடைபடும் தொற்று, பெரும்பாலும் ஆர்.எஸ்.வி. வைரஸால் வருவது. இழுப்பைக் கண்டதும் நெபுலைசர் வைக்கச் சொல்லும் பெற்றோர் காமயகவுண்டன்பட்டியிலும் உண்டு, லண்டனிலும் உண்டு. ஆஸ்துமாவில், நெபுலைசரில் தரும் சால்பியூட்டமால் மருந்து மூச்சுக்குழாய்த் தசை இறுக்கத்தைத் தளர்த்தும். இங்கே அடைப்பது வீக்கமும் சளியும் என்பதால் அதற்கு வேலை குறைவு. வீக்கத்தை வடிக்கும் அட்ரினலின் மீது நம்பிக்கை இருந்தது. ஆனால் 404 குழந்தைகளிடம் நடந்து 2013இல் வெளியான நார்வே ஆய்வில், அது வெறும் உப்புநீரை விஞ்சவில்லை. செறிவு கூடிய 3 சதவீத உப்புநீரில்தான் கருத்து வேறுபாடு: அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் (2014) உள்நோயாளிகளுக்கு மட்டும் இடம் தருகிறது, பிரிட்டனின் நைஸ் அமைப்பு (2015) மூன்றையுமே வேண்டாம் என்கிறது. தேவைக்கேற்ப ஆக்சிஜன், போதிய பால் அல்லது திரவம், இவையே முதன்மைச் சிகிச்சை. குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, நெஞ்சு உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ உடனே 108ஐ அழைக்கவும்.