தோல் வாசரும் மலிவான பம்பும்: நாவலப்பிட்டியை முன்வைத்து ஒரு கருவியின் வரலாறு

கம்பளைப் பள்ளத்தாக்கு முடிந்து அட்டனை நோக்கிய மலையேற்றம் தொடங்கும் இடத்தில், மகாவலி ஆற்றின் கரையில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 580 மீற்றர் உயரத்தில் அமைந்த நாவலப்பிட்டி, புகையிரதத்தால் நகரமான ஊர்களுள் ஒன்று. 1867இல் கண்டியை எட்டிய இருப்புப்பாதை, கோப்பித் தோட்டங்களின் விளைச்சலைத் துறைமுகத்துக்கு இறக்கும் பொருட்டு 1874இல் நாவலப்பிட்டி வரை நீட்டப்பட்டது; நானுஓயா வரையிலான பகுதி 1885இல் திறக்கப்படுவதற்குள் கோப்பி இலைநோயால் அழிந்து, அதே சரிவுகளில் தேயிலை வேரூன்றியிருந்தது. இங்கிருந்து பட்டிப்பொலவின் 1,898 மீற்றர் உச்சியை நோக்கி ஏறும் பாதையில் 44 அடிக்கு ஓர் அடி வீதம் உயரும் சரிவுகள் இருப்பதால், வண்டித் தொடரைப் பின்னாலிருந்து தள்ளிவிடும் துணை இயந்திரங்கள் நாவலப்பிட்டி இயந்திரக் கொட்டகையில் நிறுத்தப்பட்டன. நீராவி, வெற்றிடத் தடை, உருளை, உந்துதண்டு ஆகியவற்றோடு அன்றாடம் புழங்கிய கைகள் இந்த ஊரில் இருந்தன என்பது, பின்வரும் சிறு கருவியின் கதைக்குப் பொருத்தமான பின்னணி.

துவிச்சக்கர வண்டி, அதாவது சைக்கிள், இந்த நிலப்பரப்பில் எல்லா இடங்களுக்கும் உரியதாக இருக்க முடியாது. ஆற்றை ஒட்டிக் கம்பளைக்குச் செல்லும் வீதி ஒப்பீட்டளவில் சமதளமானது; தொலஸ்பாகைக்கும் கினிகத்தேனைக்கும் ஏறும் வீதிகளோ பல்வளைவு மலைப்பாதைகள். தோட்டத்துக் கடிதப் பெட்டியைச் சுமந்த தப்பால்காரர் பெரும்பாலும் நடந்தே சென்றதற்கும், சைக்கிள் கடைத்தெருவோடும் பள்ளத்தாக்கோடும் நின்றுவிட்டதற்கும் காரணம் இதுதான். யாழ்ப்பாணத்தைப் போல வீட்டுக்கு வீடு சைக்கிள் இல்லாத ஊரில் வீட்டுக்கு வீடு பம்ப் இருக்கவும் வழியில்லை. தரையில் நிறுத்தி, அடித்தட்டை இரு பாதங்களாலும் மிதித்துக்கொண்டு, குறுக்குப் பிடியை இரு கைகளாலும் அமுக்கி அடிக்கும் பெரிய பம்ப் இத்தகைய ஊர்களில் திருத்தும் கடையின் உடைமை; ஒருவர் வாங்கி நூறு பேர் அடிக்கும் பொருள். மலிவான பம்பின் தரத்தை அளக்க இதைவிடக் கடுமையான சோதனைக்களம் வேறில்லை.

காற்றடைத்த டயருக்கான காப்புரிமையை ஜோன் பொய்ட் டன்லப் 1888இல் பெற்றார். அவர் அப்போது பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்தார். அந்த டயருக்கு வேண்டிய இறப்பர் இலங்கைக்கு வந்த வழி அதற்குச் சற்று முந்தியது. ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுசென்ற விதைகள் இலண்டன் கியூ பூங்காவில் முளைத்து, அவற்றுள் ஏறத்தாழ 1,900 நாற்றுகள் 1876இல் பேராதனைப் பூங்காவின் பொறுப்பில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, தாழ்நாட்டில் கம்பகாவுக்கு அருகிலுள்ள எனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. கினிகத்தேனையைக் கடந்து மேற்கே இறங்கினால் வரும் எட்டியாந்தோட்டை முதலிய பகுதிகள் பின்னர் இறப்பர் நாடாயின. ஆயினும் பால்வெட்டியவரின் ஊரிலிருந்து ஒட்டுப்பாலாகவும் தாளாகவும் வெளியேறிய இறப்பர், டயராகவும் டியூபாகவும் கடல் கடந்தே திரும்பி வந்தது. 1952இல் சீனாவுடன் செய்துகொள்ளப்பட்ட இறப்பர்–அரிசி ஒப்பந்தத்தின்போதும் நிலை அதுவே. களனியில் சோவியத் உதவியுடன் டயர்க் கூட்டுத்தாபனம் எழுந்தது 1960களில்தான்.

பம்பின் கதை டயரைவிட மிகப் பழையது. அதன் இதயம் உருளைக்குள் ஏறியிறங்கும் தோல் கிண்ணம், அதாவது வாசர். ஜோசப் பிராமா 1795இல் காப்புரிமை பெற்ற நீரழுத்தப் பொறி கசியாமல் இயங்கியது, அவரிடம் பணியாற்றிய ஹென்றி மோட்ஸ்லி அமைத்த தோல் வளையத்தால்தான் என்று பொறியியல் வரலாறு கூறுகிறது. அழுத்தம் கூடக்கூடத் தோலின் விளிம்பு விரிந்து உருளையின் சுவரோடு இறுகுகிறது. அழுத்தம் தணியும்போது விளிம்பு தளர்ந்து தண்டு எளிதாகத் திரும்புகிறது. இந்தத் தத்துவம் அப்படியே சைக்கிள் பம்புக்கு வந்தது. பிடியைத் தூக்கும்போது கிண்ணத்தின் விளிம்பைக் கடந்து காற்று கீழே இறங்குகிறது. அமுக்கும்போது அதே விளிம்பு கதவாகி, இறங்கிய காற்றைச் சிறைப்பிடித்து இறப்பர்க் குழாய்க்குள் தள்ளுகிறது. அசையும் கதவு, அடைப்பு, உந்தி ஆகிய மூன்று வேலைகளையும் ஒரே தோல்துண்டு செய்துமுடிப்பதால்தான் இந்தப் பொருளை மலிவாகச் செய்ய முடிந்தது.

டியூபின் வாயிலும் மலிவுக்கு உதவியது. 1890களின் தொடக்கத்தில் பரவிய வூட்ஸ் வால்வு, டன்லப் வால்வு என்ற பெயரிலேயே நம் நாடுகளில் அறியப்படுவது. பக்கத்துளை கொண்ட ஒரு சிறு உலோகக் குச்சியின் மேல் மெல்லிய இறப்பர்ச் சட்டை மாட்டப்பட்டிருக்கும். உள்ளே தள்ளப்படும் காற்று சட்டையை விலக்கி நுழைகிறது. திரும்ப முயலும் காற்று அதே சட்டையை அமுக்கித் தன் வழியைத் தானே அடைத்துக்கொள்கிறது. சட்டை கிழிந்தால் சில சதங்களில் வேறொன்று மாட்டலாம். மோட்டார் வண்டிகளுக்குரிய ஷ்ரேடர் வால்வு அப்படியன்று. அதன் நடுவிலுள்ள ஊசியைப் பம்பின் தலை அழுத்தித் திறந்தே வைத்திருக்கும் அமைப்பு பரவலாக இருப்பதால், காற்றைத் திரும்பவிடாத தடுப்புவால்வு பம்பின் அடியில் கட்டாயம் நலமாக இருக்க வேண்டும். நீண்ட குழாயுடைய தரைப்பம்ப் எதுவாயினும் அந்தத் தடுப்பு பழுதானால், ஒவ்வொரு அடிக்குப் பின்பும் குழாயில் தங்கிய காற்று உருளைக்குள் திரும்பி விரிந்து, அடித்தவரின் உழைப்பைத் தின்றுவிடும். பம்ப் பழுதாகவில்லை, கை சளைத்துவிட்டது என்று பலரும் எண்ணுவது இந்தப் பழுதின்போதுதான்.

தரம் குறித்த பேச்சில் உருளையின் அகலம் மறக்கப்படுகிறது. பாரம் ஏற்றும் சாதாரண சைக்கிளின் டயருக்குச் சதுர அங்குலத்துக்கு 50 இறாத்தல் அழுத்தம் வேண்டும் என்று கொண்டால், 30 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள பம்பைக் கடைசி அடிகளில் அமுக்க ஏறத்தாழ 25 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை போதும். 40 மில்லிமீற்றர் உருளைக்கு அது 44 கிலோகிராமை எட்டும். அகன்ற உருளை ஓர் அடிக்கு முக்கால் மடங்குக்கும் கூடுதலாகக் காற்றைத் தள்ளும் என்பது உண்மை. ஆனால் மெலிந்த உடம்புள்ள ஒருவர் பிடியின் மேல் சாய்ந்து முழு எடையையும் போடும்போது, தண்டு ஒருபக்கமாகத் தள்ளப்பட்டு மேல்மூடியின் துளையை நீள்வட்டமாக அரித்துவிடுகிறது. மலிவான பம்புகளுள் பல இப்படித்தான் தண்டு வளைந்தும் மூடி ஆடியும் பயனற்றுப்போகின்றன. தகட்டைச் சுருட்டி ஒட்டிய உருளையில் வேறொரு நோய் உண்டு: ஒட்டின் வரம்பு உட்புறத்தில் மழுங்காமல் இருந்தால், ஒவ்வொரு அடியும் வாசரின் ஒரே இடத்தை அறுக்கும். ஒட்டின்றி இழுத்துச் செய்த எஃகுக் குழாய்க்கும் இதற்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடே தெரியாது. உள்ளே விரலை விட்டுத் தடவினால் தெரியும்.

வாசரை மாற்றும் வேலை எளிமையானது, ஆயினும் நுட்பமானது. மேல்மூடியைத் திருகிக் கழற்றித் தண்டை உருவினால், அதன் நுனியில் ஒரு சுரை இரும்புத்தட்டோடு சேர்த்துத் தோல் கிண்ணத்தைப் பிடித்திருக்கும். காய்ந்து சுருங்கிய கிண்ணமாயின் அதைக் கழற்றி இரவு முழுதும் எண்ணெயில் ஊறவைத்து, விளிம்பை விரலால் வெளிப்புறமாக விரித்துவிட்டு மீண்டும் பூட்டினால் போதும். கிழிந்ததாயின் புதிது வெட்ட வேண்டும்: உருளையின் விட்டத்தைவிட அகலமான வட்டமாகத் தோலை அறுத்து, நீரில் நனைத்து மென்மையாக்கி, பொருத்தமான ஒரு குழாய்த் துண்டுக்குள் அமுக்கிக் கிண்ணமாக உலர்த்த வேண்டும். மரப்பட்டையில் பதனிட்ட தோல்தான் இப்படி வடிவம் ஏற்கும். குரோமிய உப்பில் பதனிட்ட மெத்தென்ற தோல் உலர்ந்ததும் பழையபடி விரிந்துவிடும். ஆவாரம்பட்டையில் பதனிட்டு இலண்டன் சந்தைவரை பெயர்பெற்ற சென்னை மாகாணத்துத் தோலின் குணமும் இதுவே என்பதை இங்கு நினைத்துக்கொள்ளலாம். பூட்டும்போது தண்டை நேராகக் குத்தாமல் திருகிக்கொண்டே இறக்க வேண்டும். விளிம்பு மடிந்துகொண்டால் அத்தனை உழைப்பும் வீண்.

நாவலப்பிட்டியின் காலநிலை இந்தச் சிறு வேலையைத் தனக்கேற்ப வளைத்தது. வாசருக்கு இடும் தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறைவது. மார்கழி, தை மாதக் காலைகளில் இந்த ஊரில் வெப்பம் அதற்கும் கீழே இறங்குவதால், தாழ்நாட்டுக் கடையில் குறையின்றி இயங்கும் வாசர் இங்கே விடியற்காலையில் விறைத்துக் காற்றைக் கோட்டை விடும். பத்துப் பன்னிரண்டு அடிகளில் உருளை சூடேறிய பிறகே அது இளகி வேலைக்கு வரும். விளக்கெண்ணெய் உறையாது, பிசுபிசுப்பானாலும் தோலை நெடுநாள் நனைத்து வைத்திருக்கும் என்பதால், மலைநாட்டுக்கு அதுவே ஏற்றது. மழையோ இன்னொரு பகை. கினிகத்தேனைப் பகுதியிலுள்ள கெனில்வர்த் தோட்டம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும், நாட்டிலேயே மிகுதியாக நனையும் இடங்களுள் ஒன்று. அதன் அயலிலுள்ள நாவலப்பிட்டியில் பூச்சு உரிந்த எஃகு உருளையின் உட்சுவர் துருவேறிச் சொரசொரப்பாகி, எவ்வளவு நல்ல வாசரையும் அரம்போல் தேய்த்துவிடும். ஆகையால் இங்கே எண்ணெய் வாசருக்கு மட்டுமன்றி உருளைக்கும் இடும் மருந்து.

1970 முதல் 1977 வரை அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்ட ஆண்டுகளில், கடையில் இருந்த பொருளைப் பேணிக்காப்பதன்றி வேறு வழியில்லை. திருத்துவோரின் கைத்திறனுக்கு அது பொற்காலம் என்று சொல்வது அக்காலத்தின் வறுமையை மறைப்பதாகும்; மலையகத் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்த காலமும் அதுவே. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர் இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் மலிவான பொருள்கள் பெருகின. லூதியானாவின் சிறு பட்டறைகளில் உருவாகும் உறுதியான இரும்புப் பம்பும், பிளாஸ்திக் அடித்தளமும் அழுத்தமானியும் பொருத்திய மெல்லிய பம்பும் ஒரே தட்டில் விற்பனைக்கு வந்தன. 1983 யூலை வன்முறை மலைநாட்டு நகரங்களையும் எட்டித் தமிழர் கடைகளை எரித்தபோது சரக்கோடு தொழிலின் தொடர்ச்சியும் பல இடங்களில் அறுந்தது. தகப்பனிடம் மகன் கற்கும் தொழிலுக்கு இத்தகைய அறுபடல் ஈடுசெய்ய இயலாத இழப்பு.

புதிய பம்புகளில் தோல் கிண்ணத்தின் இடத்தைச் செயற்கை இறப்பர் வளையம் எடுத்துக்கொண்டது. அது உலர்வதில்லை, பூஞ்சணம் பிடிப்பதில்லை, புதிதாக இருக்கும்வரை தோலைவிடச் செம்மையாகவே அடைக்கிறது. இந்த நற்குணங்களை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் தேய்ந்த வளையத்துக்குப் பதில் அதே அளவுள்ள வளையமே வேண்டும்; அரை மில்லிமீற்றர் குறைந்தாலும் கசியும், கூடினாலும் சிக்கும். தோலோ தன் விளிம்பை விரித்து அளவின் பிழையைப் பொறுத்துக்கொள்வது. பழைய பழக்கத்தில் இயந்திர எண்ணெயை ஊற்றுவதும் புதிய பம்புக்கு ஆகாது. பெற்றோலியத்திலிருந்து எடுத்த எண்ணெய் பட்டால் சிலவகைச் செயற்கை இறப்பரும் ஊதிக் குழைந்துவிடும். இவற்றுக்கெல்லாம் மேலான குறை, தலையும் அடியும் ஒட்டி மூடப்பட்ட பம்பைத் திறக்கவே முடியாமை. ஜேர்மனியின் எஸ்.கே.எஸ். நிறுவனம் 1966 முதல் விற்றுவரும் எஃகுப் பம்ப் இன்றும் புழக்கத்தில் இருப்பதற்கு, அதன் எஃகு மட்டுமன்றி, வாசர் முதல் குழாய்த்தலை வரை ஒவ்வொரு உறுப்பும் தனியாகக் கிடைப்பதும் காரணம். விலையுயர்ந்த அந்தப் பம்பும், சைக்கிள் பாஸ் எனப்படும் திருத்துநர் தோல் வெட்டிப் பூட்டிய விலைகுறைந்த இரும்புப் பம்பும் இந்த ஒரு விடயத்தில் ஒரே இனம். திறக்க முடியாத பம்ப், என்ன விலைக்கு விற்கப்பட்டாலும், வேறோர் இனம்.

2022இல் எரிபொருள் வரிசைகள் நாடெங்கும் நீண்டபோது நெடுங்காலம் மூலையில் கிடந்த சைக்கிள்கள் வீதிக்கு வந்தன. சைக்கிளும் உதிரிப்பாகங்களும் விலையேறின. மலிவான பம்புக்கு அப்படியொரு தேவை மீண்டும் வரலாம். வாங்க நினைப்பவர் அழுத்தமானியின் அழகைப் பார்த்து முடிவுசெய்யாமல், மேல்மூடி திருகிக் கழலுகிறதா, தண்டின் நுனியிலுள்ள வாசரைக் கையால் எடுக்க முடிகிறதா, உருளையின் உட்சுவர் ஒட்டு வரம்பின்றி வழவழப்பாக இருக்கிறதா, அடித்தட்டு உலோகத்தால் ஆனதா என்பவற்றைக் கடையில் நின்றே பார்த்துக்கொள்ள வேண்டும். மூடி கழலாத பம்பை, பாதி விலைக்குத் தந்தாலும், வாங்காமல் விடுவதே நலம்.